முப்பது நாள் பாஸ்வேர்டும் மாசிலாமணி அண்ணனும்

கேனில் இருந்து பிடித்துக் கொடுத்த சூடான பாலின் வாசனை. கூடவே வியர்வை, கற்பூரம்... வெளியே பூட்டிய கம்பிக் கதவு.

திருமலையில் தரிசனத்துக்கு முன்னால் உட்கார வைப்பார்களே, அந்த கம்பார்ட்மென்ட். நானும் அம்மாவும் விடியற்காலையிலேயே உள்ளே போய்விட்டோம். எனக்கு வேலை கிடைத்தால் கூட்டிக்கொண்டு வருவதாக அம்மாவின் வேண்டுதல்.

வேலை என்றால், சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் சிஸ்டம் அட்மின். பேர்தான் பெரிசு. ஒரே ஒரு யூனிக்ஸ் சர்வர், ஏழு டெர்மினல். மேனேஜர் ரூமில் மட்டும்தான் ஏசி, அதனால் சர்வரும் அங்கேதான் குடியிருந்தது.

கூழ் வெளிநாட்டுக்குப் போக ஆரம்பித்திருந்த நேரம். வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எல்லோரும் முப்பது நாளைக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றியே ஆகவேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். நானும் பெரிய மனுஷத் தோரணையில் செட் பண்ணினேன். மாற்றாவிட்டால் அக்கவுன்ட் பூட்டிக்கொள்ளும். திறக்க ரூட் பாஸ்வேர்டு வேண்டும், அது என் ஒருவனுக்குத்தான் தெரியும். அதில் ஒரு பெருமை வேறு எனக்கு.

லாரிகளை எடை போடுகிற வேபிரிட்ஜில் மாசிலாமணி அண்ணன் இருந்தார். நகரி பக்கம், எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம். சீசனுக்கு மட்டும் எடுத்த ஆள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டுவார், அர்த்தம் பிடிபடாது. திருமலைக்குப் போவதற்கு முந்தின வாரம் என்னைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்.

“தம்பி, உள்ள போவசொல்லோ புச்சா இன்னாவோ ஒரு வரி வந்துகினு கீது. இன்னா பண்றது?”

நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

“அது சும்மாண்ணா. என்டர் தட்டிக்கினே போ.”

அவரும் தினமும் தட்டிக்கொண்டே போயிருக்கிறார்.

கம்பார்ட்மென்டில் பக்கத்தில் இருந்தவர், லீவு எத்தனை நாள் மிச்சம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பொழுது போகாமல் நானும் எண்ணினேன். பாஸ்வேர்டு செட் பண்ணிய நாளில் இருந்து... முப்பது நேற்றோடு முடிந்திருந்தது.

மாசிலாமணி அண்ணன் கேட்ட அந்த வரி, பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் எச்சரிக்கைதான். இந்நேரம் வெதுருகுப்பம் பக்கத்து மாங்காய் லாரிகள் எல்லாம் கேட்டில் நிற்கும். எடை போடாமல் உள்ளே விட மாட்டார்கள். தார்ப்பாய்க்குள் காய் வெந்துபோகும். எல்லோரும் யாரைத் திட்டுவார்கள்? செல்போன் இல்லாத காலம். இருந்த இடமோ பூட்டிய அறை.

அம்மாவிடம் சொன்னேன்.

“இந்தக் கதவத் தாண்டினா திரும்ப வுடமாட்டாங்கடா,” என்றாள் அம்மா. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் இருந்த ஆளைக் கெஞ்சி வெளியே வந்து, எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். மூன்று தடவை என்கேஜ்டு. நாலாவது தடவை மேனேஜரே எடுத்தார். காலையில் இருந்து பதினாலு லாரி நிற்கிறது, மாசிலாமணி மெஷினை ஏதோ பண்ணிக் கெடுத்துவிட்டான், வெளியே அனுப்பிவிட்டேன், நாளைக்கு வேற ஆள் பார்க்கணும் என்று தெலுங்கில் பொரிந்து தள்ளினார்.

‘சரி சார்’ என்று சொல்லியிருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது. நானும் புரொபேஷனில் இருந்தவன்தான். மறைப்பானேன், வாய் வரைக்கும் அந்த வார்த்தை வந்தது.

“அவர் மேல தப்பு இல்ல சார். வந்து கேட்டாரு. நாந்தான் என்டர் தட்டச் சொன்னேன்.” தெலுங்கில்தான் சொன்னேன்.

மேனேஜருக்கு கீபோர்டு தெரியாது. பூட்டைத் திறக்க மாசிலாமணி அண்ணனையே போனுக்குக் கூப்பிடச் சொன்னேன். நல்லவேளை, அவர் இன்னும் கேட்டிலேயே நின்றிருந்தார். யாருக்கும் சொல்லக்கூடாத ரூட் பாஸ்வேர்டை, ஜனம் நிறைந்த பூத்தில் நின்று எழுத்து எழுத்தாகக் கத்திச் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினார். பிறகு வேபிரிட்ஜுக்குப் புது பாஸ்வேர்டு. அதைப் போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். அவர் போய்த் திரும்பும் வரை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

“வந்துச்சி தம்பி. லாரி நம்பர் கேக்குது.”

கொஞ்சம் விட்டு, “சாமி பாத்தியா?” என்றார்.

“இன்னும் இல்லண்ணா,” என்றேன். திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை.

அம்மா சாயங்காலம் லட்டோடு வெளியே வந்தாள். கீழே திருப்பதிக்கு இறங்கும் வரை என்னோடு பேசவில்லை. மறுநாள் மேனேஜர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். என் புரொபேஷன் ஆறு மாதம் நீண்டது. மாசிலாமணி அண்ணன் சீசன் முடியும் வரை வேபிரிட்ஜிலேயே இருந்தார்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். ஆறாயிரம் பேருடைய பாஸ்வேர்டு தானாகக் காலாவதி ஆகும்படி வைத்திருப்பது நான்தான். பூட்டிக்கொண்டால் டிக்கெட் என்று ஒரு புகார் ஸ்க்ரீனில் வரும். அதில் நம்பர் இருக்கும், பேர் இருக்காது. டீமில் உள்ள பசங்கள் ஒரு நிமிஷத்தில் திறந்துவிடுவார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது.

ஆனால் திறப்பதற்குள் எங்கேயாவது ஒருவரை வெளியே நிறுத்தியிருப்பார்களோ என்று நினைப்பு வரும்... அப்படி யாராவது நின்றிருந்தால், அவர் மேல் தப்பில்லை என்று யாரிடம் போன் பண்ணிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.