இடது பக்கம் வெய்க்கோ

எங்கள் அணியில் வெய்க்கோ என்றொருவன் விளையாடினான். அவனை நாங்கள் ஒருவரும் கண்டதில்லை.

சுவிஸின் ஓல்டன் நகரில் ஐஸ் ஹொக்கி பழகப் போனபோது எனக்குப் பத்து வயது. அம்மா என்னைப் பரதநாட்டிய வகுப்புக்குத்தான் அனுப்பினார். அந்த வகுப்பு நடந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் ஐஸ் களம் இருந்ததும், என்னைக் கூட்டிப்போக அப்பா எப்போதும் பிந்தி வந்ததும் சேர்ந்து அம்மாவின் திட்டத்தைக் கெடுத்துவிட்டன. அடுத்த மாரியில் எங்கள் பல்கனியில் வியர்வை நாறும் முழங்கால் கவசங்கள் காய்ந்தன. விருந்தாளிகள் வந்தால் அம்மா பல்கனிக் கதவின் திரையை இழுத்து மூடிவிடுவார்.

எங்கள் பயிற்சியாளர் பின்லாந்துக்காரர். அந்த நாட்டின் வடக்கே ஒரு சிறிய ஊரில் ஏரி ஐஸின் மேல் விளையாடப் பழகி, பெரிய அணியொன்றில் ஆடி, பிறகு சுவிஸுக்கு வந்து எங்கள் ஊருக்காகப் பல பருவங்கள் விளையாடியவர். வலது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர். பாய்ந்து வருகிறவனை உடம்பைக் கொடுத்து நிறுத்துவார் என்று ஊரில் பேர். ஒரு ஆட்டத்தில் பலகைச் சுவரில் தலை மோதி விழுந்தவர், எழும்பி நேரே எதிரணி ஆட்டக்காரர்கள் இருக்கும் வாங்கில் போய் இருந்துவிட்டாராம். களத்துச் சிற்றுண்டிக் கடையில் அதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பருவத்தோடு அவர் விளையாட்டை விட்டார். பிள்ளைகளைப் பழக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது.

அவர் குறைவாகத்தான் கதைப்பார். ஜெர்மன் மொழியை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். அவர் விளையாடிய அதே வலது பக்கத்தில் என்னை நிறுத்தினார். முதல் நாளே சொன்னார்: "இடது பக்கத்தை நீ பார்க்க வேண்டாம். அது வெய்க்கோவின் பக்கம்."

அங்கே ஒருவரும் நிற்கவில்லை. பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வாங்கில் நாங்கள் நெருக்கி இருக்கும்போதும் தனக்கு இடது பக்கம் ஓர் ஆள் இருக்கக்கூடிய இடம் விடச் சொன்னார். பயிற்சி நடக்கையில் அந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தங்கள் மொழியில் மெதுவாக ஏதோ சொல்வார். பிறகு பதில் வந்ததைப் போலத் தலையாட்டுவார். இல்லாத ஆட்டக்காரனைக் கற்பனை செய்யப் பழக்குவது பின்லாந்தின் புதிய முறை என்று பெற்றோர் தங்களுக்குள் பேசி வியந்தார்கள். அதை மற்ற விளையாட்டுகளிலும் கொண்டுவரலாம் என்றுகூட ஒரு தகப்பன் சொன்னார்.

எங்களுக்கு அது கற்பனையாக இருக்கவில்லை. எங்கள் களத்துக்குக் கூரை மட்டும்தான், பக்கங்கள் திறந்திருந்தன. சூடு குறையாத இலையுதிர் காலத்து மாலைகளில் ஐஸிலிருந்து மூடுபனி எழும்பி இடுப்பளவு நிற்கும். அப்படியான நாட்களில் எனக்கு இடது புறத்தில் சறுக்குச் சப்பாத்து ஐஸைக் கீறும் சத்தம் கேட்பதாகத் தோன்றும். எங்கள் கோல் காப்பாளன் தானும் கேட்டதாகச் சத்தியம் செய்தான். ஒரு போட்டியில் எதிரணிப் பெடியன் இடது பக்கத்தால் தனியாக வந்து கோல் போட்டான். பயிற்சியாளர் என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. ஒருவரும் இல்லாத இடத்தைப் பார்த்து நெடுநேரம் ஏசினார்.

மார்கழியில் டாவோஸில் ஒரு போட்டி. மற்றப் பிள்ளைகள் பெற்றோரின் கார்களில் முன்னால் போய்விட, மிஞ்சிய எங்களைப் பயிற்சியாளர் சிறிய பஸ்ஸில் ஏற்றினார். அன்று பார்சல் கிடங்கில் வேலை இல்லாததால் அப்பாவும் உதவிக்கு வந்தார். வாலன் ஏரியைக் கடக்கையில் பஸ் பெருந்தெருவை விட்டு இறங்கியது. ஏரிக்கரையில் ஒரு வெறும் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தி, பயிற்சியாளர் எங்களைத் திரும்பிப் பார்த்துத் தன் மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். எங்களுக்கு அது விளங்கவில்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை. இறங்கினார். பின்கதவைத் திறந்து தன் மட்டையை எடுத்தார். ஏரிக்குள் நீண்டிருந்த மரப்பாலத்தில் நடக்கத் தொடங்கினார்.

ஏரி உறையவில்லை. மூடுபனிக்குள் தண்ணீர் இருந்த இடமே தெரியவில்லை. பாலம் முடியும் இடத்துக்குப் போனவர் மட்டையை முன்னால் நீட்டி, "வெய்க்கோ" என்று கூப்பிட்டார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார். ஏரிக்கு அப்பாலிருந்த மலை அந்தப் பேரைத் திருப்பிச் சொன்னது. பஸ்ஸுக்குள் ஒரு பிள்ளை அழத் தொடங்கியது.

எங்களை அசையாமல் இருக்கச் சொல்லிவிட்டு அப்பா இறங்கினார். ஓடவில்லை. பாலத்தில் அவருக்குப் பக்கத்தில் போய் நின்று, அவர் பார்த்த திசையையே தானும் பார்த்தார். அப்பாவின் ஜெர்மன் கிடங்கு வேலைக்கு மட்டும் போதுமானது. அதனால் தமிழில்தான் சொன்னார். திறந்திருந்த கதவால் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஓம் மாஸ்டர். அவர் வருவார். வாங்கோ, பஸ்ஸுக்குள்ள இருந்து பாப்பம்."

பயிற்சியாளர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மட்டையைத் தாழ்த்தினார். பிறகு அப்பாவோடு சேர்ந்து நடந்து வந்து, பின்னால் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவருக்கு இடது பக்கம் நான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னை எழுப்பி முன்னுக்கு அனுப்பினார். நான் எழும்பிய வெறும் இருக்கையில் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். அதைக் கண்ட பிறகுதான் பயிற்சியாளர் கண்ணை மூடினார்.

பஸ்ஸை அப்பாவே ஓட்டினார். கொஞ்ச தூரம் போனதும் நான் மெல்லக் கேட்டேன்.

"அப்பா, வெய்க்கோ உங்கட கண்ணுக்கும் தெரிஞ்சவனோ?"

"கதைக்காம இரு பிள்ளை. அந்தாள் நித்திரை கொள்ளட்டும்."

அப்பா சொன்னது பயிற்சியாளரை. நான் விளங்கிக்கொண்டது வெய்க்கோவை. டாவோஸ் போய்ச் சேரும்வரை பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பல காலத்துக்குப் பிறகுதான் அப்பா சொன்னார், அகதி முகாமில் ஒரு மாரி முழுவதும், இறந்துபோன தம்பியோடு கதைக்கும் ஒருவருடன் தான் ஒரே அறையில் இருந்ததாக.

டாவோஸில் நாங்கள் மோசமாகத் தோற்றோம். அப்பா மற்றப் பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டுக் கதைத்தார். புதிய ஆண்டில் வேறொருவர் எங்களைப் பழக்க வந்தார். பின்லாந்துக்காரர் ஒவ்வொரு பயிற்சிக்கும் வந்து வாங்கில் சும்மா இருந்துவிட்டுப் போனார். வருடக்கணக்காகத் தலையில் வாங்கிய அடிகள் அவருடைய மூளையை உள்ளுக்குள் தின்றுகொண்டிருந்ததை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இடது பக்கத்தை நாங்கள் தொடர்ந்து காலியாகவே வைத்திருந்தோம்.

பருவத்தின் கடைசிப் பயிற்சிக்குக் கம்பளிச் சட்டை போட்ட, வழுக்கை விழுந்த, பெரிய உடம்புக்காரர் ஒருவர் வந்தார். பின்லாந்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கிறாராம். அந்தக் காலத்தில் எங்கள் பழைய பயிற்சியாளருக்கு இடது பக்கத்தில் விளையாடியவர், பேர் வெய்க்கோ என்று புதிய பயிற்சியாளர் அறிமுகப்படுத்தினார். கோல் காப்பாளனின் கையிலிருந்த மட்டை ஐஸில் விழுந்தது.

பெரியவர் வாங்குக்குப் போய்த் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிக் கையை நீட்டினார். பின்லாந்துக்காரர் எழும்பி, மரியாதையாகக் கை கொடுத்தார். பிறகு அந்நியருக்குச் சொல்வதைப் போல ஜெர்மனில் சொன்னார்: "தயவுசெய்து கொஞ்சம் தள்ளி இருங்கள். இந்த இடம் வெய்க்கோவுக்கு."

பெரியவர் சரி என்று தலையாட்டி, ஓர் ஆள் இருக்க இடம் விட்டு, அப்பால் இருந்தார்.

எனக்குப் பெரிய நிம்மதி. இவர் பொய் வெய்க்கோ, எங்கள் வெய்க்கோ தன் இடத்திலேயே இருக்கிறான் என்று நினைத்தேன். அந்தப் பெரியவர் இடைக்கிடை திரும்பித் தங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த வெறும் பலகையை உற்றுப் பார்த்தார். அவருக்கும் வெய்க்கோ தெரிகிறான் என்றே நம்பினேன். தான் இல்லாமற்போன இடத்தை ஒரு மனிதர் அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.