முற்றத்தில் நின்ற இரண்டாவது குழந்தை வண்டி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். யாரையும் கெஞ்சப் போவதில்லை. இது எனக்கு நடந்தது. போன நவம்பரில், கோபன்ஹேகனில், ஊருக்கு நடுவில், காப்பி குடிக்கிற நேரத்தில். பேய்க்கு நள்ளிரவு வேண்டும் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஊர் நவம்பரைப் பார்த்ததில்லை. இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும்.

வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கினால் எங்கே நடப்பது, எங்கே சாப்பிடுவது, எங்கே நின்று படம் எடுப்பது என்று திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அரண்மனையையும் கால்வாயையும் அவர்கள் ஒரே வாரத்தில் மறந்துவிடுவார்கள். ஊருக்குப் போய் ஒன்றைத்தான் வாய் ஓயாமல் சொல்வார்கள்: "அங்கே தாய்மார் கைக்குழந்தையைக் குளிரில் கடை வாசலில் வண்டியோடு விட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி குடிக்கிறார்கள்!" ஆமாம், குடிக்கிறோம். குளிர்காற்றில் பிள்ளை அடித்துப்போட்டதுபோல் தூங்கும். நாங்களும் அப்படி வளர்ந்தவர்கள்தான். இதற்கு முகம் சுளிக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் வேண்டுமென்றே புதிய நடைப்பயணம் ஒன்று போட்டேன். கிறிஸ்டியான்ஸ்ஹவ்ன் பகுதியின் பின்கட்டு முற்றங்கள் வழியாகப் போய், கடைசி முற்றத்தில் ஒரு சின்னக் காப்பிக் கடை. அதன் வாசலில் வண்டிகள் நிற்கும். கண்குளிரப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

"அந்த முற்றம் மட்டும் வேணாம், ரிக்கே" என்றான் ப்ரெபன். எங்கள் அலுவலகத்தின் மூத்த கைடு அவன்.

"ஏனாம்?"

"அங்க ஒரு கறுப்பு வண்டி நிக்கும். உள்ள புள்ள அழும். கைடுங்க யாரும் அங்க நிக்கிறதில்ல."

"புள்ள அழுதா ஓடுற ஆம்பளைங்களா நீங்க? உன் பொண்டாட்டி கேட்டா நல்லாக் குடுப்பா."

"இப்ப சிரி. போயிட்டு வந்தும் சிரிக்கிறியான்னு பாப்போம்."

அன்றே கிளம்பினேன். என் மகள் மாலூவுக்கு அப்போது ஏழு மாதம். மஞ்சள் தொப்பி போட்டு, வண்டியில் படுக்கவைத்து, தள்ளிக்கொண்டு போனேன்.

கறுப்பு வண்டி நின்றது. சுவரோரமாக. உயரமான சக்கரங்கள், பழைய காலத்து மூடி. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. யாரோ பழைய சாமான் கடையில் வாங்கியிருக்கிறார்கள், இதைப் பார்த்தா இந்தத் தடியன்கள் பயந்தார்கள்?

உள்ளே பிள்ளை சிணுங்கியது.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரி மட்டுமே செய்யும் தப்பை நான் செய்தேன். யார் பிள்ளை அழுதாலும் போகிறபோக்கில் ஓர் ஆட்டு ஆட்டிவிட்டுப் போவோம், அது கைப்பழக்கம். கைப்பிடியைப் பிடித்து ஆட்டினேன். "ஷ்ஷ்ஷ்..." என்றேன். கைப்பிடி சில்லென்று ஈரமாக இருந்தது. சிணுங்கல் அந்த நொடியே நின்றது. பிள்ளைகள் அப்படிச் சட்டென்று நிறுத்தாது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மாலூவின் வண்டியைப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பிள்ளையின் சத்தம் கேட்கிற கருவி ஒன்று எங்களிடம் உண்டு. ஒரு பாதி எப்போதும் அவள் மெத்தைக்கடியில் கிடக்கும். மறு பாதியை மேசைமேல் வைத்தேன். ஹ்ம்... ஹ்ம்... சீரான மூச்சு. நிம்மதியாக இலவங்கப்பட்டை போட்ட பன்னைப் பிய்த்தேன்.

கடையில் வேறு யாரும் இல்லை. கடைக்காரி ஹன்னேயிடம் கேட்டேன். "வெளிய நிக்கிற இன்னொரு வண்டி யாரோடது?"

மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது.

"உன் வண்டி மட்டும்தானே நிக்குது."

"கறுப்பா ஒண்ணு..."

"காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பு." அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. வெளியே இருள் இறங்கியிருந்தது.

ஹ்ம்... ஹ்ம்...

பிறகு கருவியில் ஒரு பெண்குரல்.

"ஷ்ஷ்ஷ்..."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு வண்டிகள். இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஒரே சீராக.

பக்கத்தில் யாரும் இல்லை.

ஓடினேன்.

கறுப்பு வண்டி இல்லை. ஈரக் கல்லில் சக்கரத் தடமும் இல்லை. என் வண்டி மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது...

போர்வையை விலக்கினேன்.

மாலூ தூங்கிக்கொண்டிருந்தாள். தலையில் சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. கையால் பின்னியது. தொட்டேன். நனைந்திருந்தது. கால்வாய்த் தண்ணீர் நாற்றம்.

பயந்தேனா? பயந்தேன். உயிரே போய்விட்டது. ஆனால் அதைவிட ஆத்திரம் வந்தது. என் பிள்ளையைத் தொட இவள் யார்?

"இந்தா, யாரா இருந்தாலும் கேட்டுக்கோ!" என்று அந்த வெற்று முற்றத்தைப் பார்த்துக் கத்தினேன். "உன் புள்ள அழுதுச்சு, ஆட்டினேன். நாளைக்கு அழுதாலும் ஆட்டுவேன். ஆனா என் புள்ள மேல இன்னொரு தடவ கை வச்சே... நடக்கிறதே வேற!"

தொப்பியைக் கழற்றிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினேன். கீழே கிடக்கிற தொப்பியையும் கையுறையையும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டிவைப்பது எங்கள் வழக்கம், உரியவர் வந்து எடுத்துக்கொள்வார். பிறகு ஓடவில்லை. காப்பியை வெளியே கொண்டுவந்து, வண்டியைப் பிடித்துக்கொண்டே கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

அலுவலகத்தில் சொன்னபோது ப்ரெபன் சிரிக்கவில்லை.

"நீ அதை ஆட்டினியா?"

"ஆட்டினேன்."

"யாரும் அதைத் தொட்டதே இல்லடி. இப்பவாவது திட்டத்துலேர்ந்து அடிச்சிடு."

"மாட்டேன். அவ வேணா வேற முற்றம் பாத்துக்கட்டும்."

அடிக்கவில்லை. இன்றைக்கும் நான் அங்கேதான் ஆட்களை அழைத்துப் போகிறேன். சுவரோரம் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டு நிற்கச் சொல்கிறேன். மாலூவும் அன்றுபோலவே வெளியில்தான் தூங்குகிறாள். மஞ்சள் தொப்பி இதுவரை கிடைக்கவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் வீட்டில் நடந்ததை நான் ப்ரெபனிடம் சொல்லவில்லை.

மாலூவைத் தூக்கிவிட்டு மெத்தைக்கடியில் கைவிட்டேன். எப்போதும் அங்கே கிடக்கிற கருவியின் பாதி இல்லை. வண்டி முழுக்கத் துழாவினேன்.

"இதையா தேடுற?" என் கணவன் யெப்பே, செருப்பு அலமாரி மேலிருந்து அதை எடுத்து நீட்டினான். பின்மூடி திறந்து கிடந்தது. "காலையில பாட்டரியக் கழட்டி டிவி ரிமோட்ல போட்டேன். உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அது நாள் முழுக்க அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அப்படியானால், என் மகள்தான் என்று நம்பி, பன்னைப் பிய்த்துக்கொண்டே, நான் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மூச்சு...