பேசிக்கொண்டே தரையிறங்கியது

வானத்தில் எது வந்தாலும் பத்திரிகையிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள். தேவிகுளத்திலிருந்து பத்திரிகையின் மாவட்டப் பக்கத்துக்குப் படம் அனுப்பும் ஆட்கள் மூன்று பேர். மற்ற இருவரும் இளையவர்கள். மண்சரிவு, விபத்து, தேர்தல் என்று பைக்கில் ஓடிவிடுவார்கள். பள்ளி மைதானத்தில் ஹெலிகாப்டர் இறங்குகிறது, ஏலக்காய்த் தோட்டத்தில் ட்ரோன் வைத்து மருந்தடித்துக் காட்டுகிறார்கள், மாட்டுப்பட்டி அணைத் தண்ணீரில் விமானத்தை இறக்கிப் பார்க்கிறார்கள் என்றால் அது எனக்கு. இதில் என் திறமை ஒன்றும் இல்லை. இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எனக்கு வீட்டுக்குத் திரும்பும் அவசரம் இல்லை என்பது அலுவலகத்துக்குத் தெரியும்.

மாட்டுப்பட்டியில் விமானம் தண்ணீரில் இறங்கிய காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு படம் எடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. தண்ணீரைத் தொடும் வரைக்குமான படங்கள் எல்லாவற்றிலும் விமானத்தின் வயிறுதான் இருந்தது. பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். ஹெலிகாப்டரின் வயிறு, ட்ரோனின் வயிறு, மலைமேல் நடக்கும் பாராகிளைடிங் போட்டியில் பறப்பவர்களின் காலணி அடிப்பாகம். நாற்பத்தோரு வருடமாக அண்ணாந்து நின்று நான் எடுத்தது இவ்வளவுதான். கழுத்தெலும்பு தேய்ந்தது மிச்சம். மூணாறில் டாக்டர் மேலே பார்க்கும் வேலையை விடச் சொன்னார். அப்படியென்றால் மேலிருந்து கீழே பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

மனைவி இறந்து அப்போது இரண்டு வருடம். மகள் வெளிநாட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அழைப்பாள். மற்ற ஆறு நாளும் வீட்டில் சத்தம் என்றால் குக்கர்தான். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். எழுந்ததிலிருந்து படுக்கும் வரை நான் பேசியது பதினான்கு சொல். அதில் ஒன்பது பால்காரரிடம்.

பாராகிளைடர் ஓட்டக் கற்றுத்தரும் இடம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருந்தது. கணவனும் மனைவியுமாக நடத்தும் சின்னப் பள்ளி. அறுவடை முடிந்த வயல்தான் மைதானம். தேவிகுளத்திலிருந்து அங்கே போக மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி என்று சுற்ற வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் போக இரண்டு முறை எல்லை தாண்டுகிறோம், நான்கு பஸ், இரண்டில் ஜன்னல் மூடாது. தங்குவதற்கு எண்ணெய் மில்லின் மேலே ஓர் அறை கிடைத்தது. குழாய் ஒழுகும். தலையணை கல்.

அவர்களில் கற்றுத்தருவது மனைவிதான். நாற்பது வயதிருக்கும். எல்லோரையும் போல நானும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டேன். கணவர் ஜீப்பின் பின்னால் பொருத்திய வின்ச்சைப் பார்த்துக்கொள்வார். பட்டத்தை நூலால் இழுத்து ஏற்றுவது போல, அந்த வின்ச் நம்மை நீளமான கயிற்றால் இழுத்து மேலே ஏற்றும். போதிய உயரம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிட்டு, தலைக்கு மேலே விரிந்திருக்கும் துணி இறக்கையோடு வட்டமடித்து நாமே இறங்க வேண்டும்.

"வயசு எத்தனைங்க சார்?" என்று முதல் நாள் கேட்டார்.

"அறுபத்தெட்டு."

"பிரஷருக்கு மாத்திரைங்க?"

"ஒண்ணு. காலையில."

"மூட்டு வலி ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இடது முட்டி."

ஜீப்பிலிருந்து கணவர் சொன்னார்: "அப்ப வலது காலுல எறங்கச் சொல்லு."

சம்மதப்பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் நெஞ்சில் ஒரு வாக்கி டாக்கியைக் கட்டிவிடுவார்கள். டீச்சர் கீழே நின்று பேசுவது அதில் கேட்கும். இரண்டு கையிலும் இறக்கையைத் திருப்பும் பிரேக் கயிறு இருப்பதால் பொத்தானை அழுத்தி நாம் பதில் பேச முடியாது. "வலது கொஞ்சமா புடிங்க. போதும், விடுங்க. அப்படியே வாங்க சார், அவசரமே இல்லீங்க." இப்படி ஒரு குரல் காதோரமாக என்னைக் கூடவே கூட்டிக்கொண்டு வரும். கீழே பனைமரங்கள் நிற்கும். வயல் வரப்பில் பதினேழு பனை.

ஏறுவதில் எனக்குக் குறை இல்லை. திரும்புவதும் வந்துவிட்டது. இறங்குவதுதான் வரவில்லை. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் இருக்கும்போது இரண்டு பிரேக்கையும் முழுதாக இழுத்தால் இறக்கை ஒரு நொடி நின்று நம்மை மெல்லக் கீழே வைக்கும். நான் ஒவ்வொரு முறையும் இரண்டு ஆள் உயரத்தில் இழுத்தேன். இறக்கை அங்கேயே நின்றுவிட்டு என்னைக் கைவிடும். வயலில் உட்கார்ந்த நிலையில் விழுவேன். ஆறு முறை அப்படி. இடுப்பில் தைலம் தேய்க்க எட்டாத இடத்தில்தான் வலி வரும்.

மாதக் கடைசியில் எங்கள் பக்கத்து மலையில் வருடாந்திரப் போட்டி. முதல் நாள் காலையில், போட்டி தொடங்கும் முன், எங்களைப் போல் பறக்கக் கற்பவர்களை மலையிலிருந்து தனியாகப் பறக்க விடுவார்கள். இறங்குமிடம் கீழே எஸ்டேட் பந்து மைதானம். அங்கே நின்று நான் ஐந்து போட்டிகளைப் படம் எடுத்திருக்கிறேன். இந்த முறை அதே மைதானத்தில் மேலேயிருந்து வந்து இறங்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அப்போது என்னிடம் இல்லை. பத்திரிகையிலிருந்து வழக்கம்போல் அழைத்தபோது வர முடியாது என்று சொல்லிவிட்டேன்.

டீச்சர் கண்டிப்பாக இருந்தார். "மலையில இருந்து உங்கள விடணும்னா அடுத்தடுத்து மூணு எறக்கம் சுத்தமா வேணுங்க சார். ரெண்டு சரியா இருந்து மூணாவது தப்புனா மறுபடியும் ஒண்ணுல இருந்துதான்."

ஏழாவது முறை விழுந்த அன்று அவர் போனில் வீடியோ எடுத்திருந்தார். ஜீப் நிழலில் நின்று மூவரும் பார்த்தோம்.

"ஏனுங்க சார், இத பாருங்க. தரைகிட்ட வரும்போது ஒத்தக் கண்ண மூடிக்கறீங்க."

"நானா?"

"பின்ன நானுங்களா? எடது கண்ணு. நல்லா பாருங்க."

பார்த்தேன். ஹெல்மெட்டுக்குள் ஒரு கிழவன் இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்தான். மூச்சையும் பிடித்திருந்தான் என்பது கன்னத்தில் தெரிந்தது.

"போட்டோ புடிக்கறாரு," என்றார் கணவர். "கிளிக் பண்ணீட்டுத்தான் எறங்குவாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கியமான கணம் வரும்போதெல்லாம் இடது கண்ணை மூடி, மூச்சை நிறுத்தி, வலது கண்ணைக் கேமராவில் வைத்தே பழகியிருக்கிறேன். கல்யாணத்தில் மாலை மாற்றும்போது, மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்கும் பிள்ளை வாய் திறக்கும்போது, ஹெலிகாப்டரின் சக்கரம் புல்லைத் தொடும்போது. அது என்னைக் கேட்காமலே நடக்கிறது. ஒற்றைக் கண்ணுக்கு அருகிலுள்ள தரையின் ஆழம் சரியாகத் தெரியாது. அதனால்தான் கை முந்திக்கொள்கிறது.

இடது இமையில் பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தேன். வியர்வையில் கழன்றது. டீச்சர் ரேடியோவில் "கண்ணு, கண்ணு" என்று கத்திப் பார்த்தார். அந்த நொடியில் எனக்குக் காதும் கேட்பதில்லை.

ஒன்பதாவது முறைக்கு முன் டீச்சர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பேசிக்கிட்டே எறங்குங்க சார். வாய் ஓடுனா மூச்சப் புடிக்க முடியாது. மூச்சப் புடிக்கலீன்னா கண்ணும் மூடாதுங்க."

"என்ன பேச?"

"என்னத்தையோ பேசுங்க. ஊட்டுல பேசற மாதிரி."

மேலே போய் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பனைமரங்களை எண்ணிச் சொல்லலாம் என்று நினைத்தேன். நான்கோடு நிறுத்திவிட்டேன். ஆளில்லாத இடத்தில் குரலை எழுப்ப வெட்கமாக இருந்தது. விழுந்தேன்.

அடுத்த முறை, ஹெல்மெட் வார் தாடையை அறுத்தது. "இந்த வாரை யாரு தச்சான்?" என்று என்னை அறியாமல் சொன்னேன். அதற்குப் பிறகு நிற்கவில்லை. தலையணை, மூடாத பஸ் ஜன்னல், உடுமலை பஸ் நிலையத்தில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியும் போட்டுக் கொடுத்த டீ, எட்டாத இடத்து இடுப்பு வலி, ராத்திரி முழுக்கச் சொட்டும் குழாய். "ஒரு வாஷர். ஒரேயொரு வாஷர் மாத்தினா போதும், அதுக்கு மில்காரன் ஒரு வாரமா சாக்கு சொல்லுதான்" என்று சொல்லி முடிக்கும்போது இரண்டு பாதமும் வயலில் இருந்தன. நின்றுகொண்டிருந்தேன்.

கணவர் வின்ச் பக்கத்திலிருந்து மனைவியைக் கூப்பிட்டார். "மில்காரருகிட்டச் சொல்லி வாஷர் மாத்தச் சொல்றேன்னு சாருகிட்டச் சொல்லீரு. இல்லீன்னா ஊரே கேக்கற மாதிரி மேல இருந்து சொல்லுவாரு."

சாயங்காலம் அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு விளங்கியது. முப்பத்தெட்டு வருடம் நான் வீட்டில் பேசியதெல்லாம் இதுதான். கொஞ்சிப் பேசியதில்லை, கதை சொன்னதில்லை. சாம்பாரில் உப்பு, கரன்ட் பில், மழை, பக்கத்து வீட்டு ரேடியோ. மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே "ம்" என்பாள். அவள் போன பிறகு குறைகள் குறையவில்லை. சொல்ல இடமில்லாமல் உள்ளேயே கிடந்திருக்கின்றன.

அடுத்த இரண்டு நாளில் மூன்று இறக்கமும் சுத்தமாக வந்தன. குழாயைச் சரிசெய்துவிட்டார்கள் என்பதால் மூன்றாவதற்கு மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

மலைமேல் அன்று காலை காற்று பதமாக இருந்தது. டீச்சர் உச்சியில் நின்று அனுப்புவார். கணவர் கீழே மைதானத்தில் நிற்பார். நான் மூன்றாவது ஆள். புல்லில் பதினொரு அடி ஓடினேன், பன்னிரண்டாவது அடிக்குத் தரை இல்லை.

வயல்மேல் பறந்ததும் இதுவும் ஒன்றல்ல. தேயிலைச் சரிவுகள் பாத்தி பாத்தியாகக் கீழே போயின. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் தகரக் கூரைகளை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். கேமரா கொண்டுவரவில்லை. "நல்லா இருக்கீங்க சார், நேரா போங்க" என்று டீச்சர் ஒருமுறை சொன்னார். பிறகு ரேடியோ பேசவில்லை. மாதா கோயில் மணி ஓசை மட்டும் மேலே வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்திருந்தது. அப்படிப் பறந்தது பத்து நிமிடம் இருக்கும். ஒரு குறையும் தோன்றவில்லை. மைதானம் பக்கம் திரும்பியபோதுதான் அது எனக்குப் பயமாக மாறியது. தாடை வார்கூட வலிக்கவில்லை. சொல்வதற்கு எதுவுமில்லாமல் தரைக்கு வந்தால் கண் மூடிக்கொள்ளும். கண் மூடினால் இது வயல் அல்ல, இறுகிய மண்.

கோல்கம்பத்துக்குப் பக்கத்தில் பத்திரிகைப் படக்காரர்கள் நான்கு பேர் நின்றார்கள், நான் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே. என்னைக் கண்டதும் நான்கு கேமராவும் உயர்ந்தன. நெருங்கினேன். போட்டியாளர்களுக்கு மட்டும்தான் நெஞ்சில் எண் கட்டியிருப்பார்கள். என் நெஞ்சில் எண் இல்லை என்று கண்டதும் ஒவ்வொன்றாக நான்கும் தாழ்ந்தன. ஒருவன் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனாலும் வாய் திறந்துகொண்டது.

"ஏன், எடுத்தா என்ன கொறஞ்சு போகும்? கார்டுல எடமா இல்ல? ஒரு படம். ஒரே ஒரு படம். மனுசன் இவ்வளவு தூரம் வாரான், நிமுந்து பாத்தா கழுத்தா சுளுக்கிக்கும்?"

மண் தெளிவாக, ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக, ஓர் ஆள் உயரம் கீழே தெரிந்தது. இழுத்தேன். இரண்டு பாதத்திலும் நின்றேன்.

மைதானத்து ஓரத்தில் பூசை முடித்து வந்த தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி சொன்னாள்: "அண்ணாச்சி யாரயோ ஏசிக்கிட்டேல்லா எறங்குதாரு."

"யார ஏசுவாரு? வீட்டம்மாவத்தான் இருக்கும்."

"வானத்துல போயுமா அவள விடல?"

சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினேன். ஆமாம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கணவர் தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க மேலே திரும்பினார். நெஞ்சில் டீச்சர் குரல் வந்தது: "சுத்தமா எறங்கீட்டீங்க சார். இனி நானு வேண்டாம் உங்களுக்கு. ரேடியோவ அமத்தீருங்க, அடுத்தவங்க கெளம்பறாங்க."

துணியை ஒரு மூலைக்கு இழுத்துப் போனேன். மடித்து, காற்றைப் பிதுக்கி, பையில் திணித்தேன். பையின் மேல் உட்கார்ந்தேன். ரேடியோவை அணைக்கவில்லை. மேலே யாரோ ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

"வலது கொஞ்சமா புடிங்க," என்றது குரல். "போதும், விடுங்க. அவசரமே இல்லீங்க."

என் வலது கை கொஞ்சம் இறங்கியது, பிறகு விட்டது. இன்னும் ஆறு பேர் இறங்க வேண்டியிருந்தது.