பூ எந்தப் பக்கம் விழுந்துச்சு

எனக்கு எழுதப் படிக்க வராது. பஸ்ஸுல போர்டு பாக்கத் தெரியாது. கண்டக்டரு கூப்பிடுற சத்தத்த வச்சு ஏறிக்கிருவேன். இது வரைக்கும் ஊரு மாறிப் போனதில்ல. ஒரே ஒருக்கா போடிக்குப் போற வண்டியில ஏறிட்டேன். அதுவும் நட்டமில்ல, அங்கன நல்ல ஏலக்காயா பாத்து வாங்கிட்டுத்தான் வந்தேன். இப்ப நான் பேசப் பேச எம் மருமக போன்ல பிடிக்கிறா. சிரிக்காமப் பிடி தாயின்னு சொல்லியிருக்கேன்.

சாமி விசயத்துல எங்க வீட்டுல மூணு கட்சி. நான் ஒரு கட்சி, எங்க வீட்டுக்காரக ஒரு கட்சி, மருமக ஒரு கட்சி. மகன் எந்தக் கட்சியின்னு கேட்டா, அவன் வெளியூருல வேலை பாக்குறான், அவனுக்கு ஓட்டு கிடையாது.

நான் எப்பிடின்னா, கம்பத்துல பஸ் ஏறுனா தேனி போய்ச் சேர்ற வரைக்கும் கை கன்னத்துலயேதான் கிடக்கும். பிள்ளையாரு வந்தா போட்டுக்கிருவேன். கருப்பு வந்தா போட்டுக்கிருவேன். மாதா கோயிலு, உத்தமபாளையத்துல பள்ளிவாசலு, சன்னலுக்கு எது வந்தாலும் ஒரு கும்புடு. ஒருக்கா புதுசா பெயிண்டு அடிச்சிருந்த கல்யாண மண்டபத்துக்கும் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரக அன்னைக்கு சின்னமனூரு தாண்டுற வரைக்கும் சிரிச்சாக.

"யாரு எவருன்னு தெரியாமக் கும்புடுறியே, ஒனக்குக் கை வலிக்கலயா?"

"ரோட்டுல எதிர்த்தாப்புல வர்றவுகள வாங்கன்னு சொல்றதில்லையா? அது மாதிரிதான்."

"நாளைக்கு ரேசன் கடைக்கும் கும்புடுவ."

"அரிசி நல்லதாப் போட்டா அதுக்கும் கும்புடுவேன், ஒங்களுக்கு என்ன?"

அவுக கட்சியே வேற. "நான் கேட்டு, கண்ணால பாத்து, பெறகு கும்புடுறவன். ஒன்ன மாதிரி கண்ண மூடிக்கிட்டு இல்ல"ம்பாக. சும்மா சொல்லல, அப்பிடித்தான் இருந்தாக. எங்க குலசாமி கடமலைக்குண்டுக்கு அங்கிட்டு இருக்கு. சின்னக் கோயிலுதான், கல்லுல செதுக்குன ஆத்தா. ஏதாவது முடிவு எடுக்கணும்னா அங்கன போய்ப் பூ கேக்கணும். பூசாரி ஆத்தாள நல்லாக் குளிப்பாட்டுவாரு. ஈரம் காயுறதுக்குள்ள தோளுக்கு ஒண்ணா ரெண்டு செவந்தியை ஒட்டி வப்பாரு. கேக்க வேண்டியதக் கேட்டுட்டு நிக்கணும். ஆத்தாளோட வலது தோளுப் பூ மொதல்ல விழுந்தா சரின்னு அர்த்தம். எடது விழுந்தா வேணாம்னு அர்த்தம். அம்புட்டுத்தான்.

மக கல்யாணத்துக்குக் கேட்டாக. காமயகவுண்டன்பட்டியில தென்னைய எடுத்துட்டு பன்னீர் திராட்சை போடவான்னு கேட்டாக. டிவி வாங்குறதுக்குக் கேட்டாகன்னா பாத்துக்கங்களேன். ஆத்தா எடதுன்னுட்டா. பக்கத்து வீட்டுல போய்த்தான் டிவி பாத்தேன். அந்த வீட்டுக்காரி போடுற தொவையலு நல்லாருக்கும், அதுனால எனக்கும் ஒண்ணும் வருத்தமில்ல.

ஒருக்கா போர் போடக் கேட்டாக. வலது விழுந்துச்சு. போட்டா வெறும் புழுதியா வருது. மருமக அப்ப எங்க வீட்டுக்கு வந்த புதுசு. தேனியில ஆபீசு வேலை பாக்குறவ, எதையும் சட்டுன்னு ஒத்துக்கிற மாட்டா.

"என்ன மாமா, ஆத்தா சரின்னு சொன்னாளே?"

"தோண்டச் சொன்னா. தண்ணி வரும்னா சொன்னா?"

"அப்ப பலிச்சா ஆத்தா சொன்னது, பலிக்காட்டி நாம கேட்டது தப்பா? இது என்ன கணக்கு மாமா?"

"ஏத்தா, டிவியில வானிலை சொல்றான், மழை வருதா? அதுக்காக டிவியை ஒடைச்சிட்டியா?"

மருமக வெங்காயக் கூடையத் தூக்கிக்கிட்டா. எங்கிட்ட வந்து, "அத்தை, ஈரம் காஞ்சா பூ விழும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்தப் பக்கம் மொதல்ல காயும்"னா. "காத்த அனுப்புறது யாரு?"ன்னேன். "அத நீங்கதான் காட்டணும்"னா. "காத்தையே பாக்க முடியல, அனுப்புனவள எங்கன போய்க் காட்ட?"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சுட்டு வெங்காயம் உரிச்சோம். அவ கட்சி அதுதான். காட்டுனா நம்புவா. காட்டாட்டி வையமாட்டா, நம்பவும் மாட்டா.

இப்பிடி இருக்கையிலதான் அவுகளுக்குக் கண்ணு போச்சு. போச்சுன்னா ஒரேயடியா இல்ல. மொதல்ல நாங்க கண்டுக்கல. திராட்சைப் பந்தல் கம்பியில ஒரு சாக்கு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அதப் பாத்து, "ஏலே, வேலைக்கு வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?"ன்னு வஞ்சுக்கிட்டு இருந்தாக. சாக்கு என்னத்தச் சொல்லும்? "திமிரப் பாரு, வாயத் தொறக்குறானான்னு"ன்னாக. நான் வரப்புல உக்காந்து சிரிச்சேன். காஞ்ச கொடிய வெட்டி விடுற கவாத்துல, காய்க்கிற கொடியா பாத்து வெட்டிட்டு காஞ்சத விட்டுட்டாக. அன்னைக்கு நான் சிரிக்கல. பந்தலு அவுகளுக்குப் பிள்ளை மாதிரி.

தேனிக்குக் கூட்டிட்டுப் போனோம். ஒரு கண்ணுல வெளிச்சம் மட்டும்தான் தெரியுது, இன்னொண்ணு மங்கலு. புரை நல்லா முத்திப் போச்சு, இன்னும் தள்ளுனா ஆபரேசன் பண்ணுனாலும் பார்வை திரும்பாமப் போகலாம்னு டாக்டரம்மா சொன்னாக. சீக்கிரமாக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரியில சேத்துருங்கன்னும் சொன்னாக.

அவுக எந்திருச்சாக. "ஆத்தாகிட்டக் கேட்டுட்டு வர்றேன்."

"எந்த டாக்டரு?"ன்னு கேட்டாக டாக்டரம்மா. எம் மருமகளுக்கு மொகம் செவந்துருச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, முந்தானைய வாயில வச்சுக்கிட்டேன்.

சரி, இவுக மாறப் போறதில்ல, சட்டுன்னு கேட்டு முடிச்சுருவோம்னு மருமக லீவு போட்டா. மூணு பேருமாக் கடமலைக்குண்டுக்குப் போனோம். வழியெல்லாம் நான் கன்னத்துல போட்டுக்கிட்டே வந்தேன். அன்னைக்கு அவுக கேலி பண்ணல. என் கை எங்கிட்டுப் போகுதுன்னு அவுகளுக்குத் தெரியலங்கிறது எனக்குப் பெறகுதான் ஒறைச்சது.

பூசாரி எங்களுக்குப் பங்காளி மொறை. என்னைய மதினிம்பாரு. ஆத்தாளக் குளிப்பாட்டி, பூவ ஒட்டிட்டு, "கேளுண்ணே, நான் பொங்கப் பானையப் பாத்துட்டு வந்துர்றேன்"னு பின்னாடி போயிட்டாரு. மருமகளுக்கு ஆபீசுல இருந்து போன் வந்துச்சு. அங்கன சிக்னலு வேப்ப மரத்துக்கிட்டதான் கிடைக்கும், அவ அங்கிட்டுப் போயிட்டா. உள்ள நாங்க ரெண்டு பேருதான்.

அவுக கை கூப்பிக் கேட்டாக. "ஆத்தா, கண்ண அறுக்கவா, வேணாமா?" எப்பயும் நான் கும்புடுறப்பக் கண்ண மூடிக்கிருவேன். அன்னைக்கு மூடல. ஏன்னு தெரியல, பூவையே பாத்துக்கிட்டு நின்னேன்.

பூ விழுந்துச்சு. அவுக இன்னும் கை கூப்பிக்கிட்டே நிக்கிறாக. கொஞ்ச நேரம் கழிச்சு, "என்ன புள்ள, ஆத்தா இன்னும் ஒண்ணும் சொல்லலயே?"ன்னாக.

அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அவுகளுக்குப் பூவே தெரியல.

"விழுந்துருச்சுங்க."

"எந்தப் பக்கம்?"

வலதுன்னு சொல்லியிருக்கலாம். பூசாரி இல்ல, மருமக இல்ல. ஆத்தா என்ன கீழ எறங்கி வந்தா சொல்லப் போறா? யோசிச்சா சொல்லியிருப்பேனோ என்னமோ. யோசிக்கல. எடதுல விழுந்துச்சு, "எடது"ன்னேன்.

அவுக அப்பிடியே தரையில உக்காந்துட்டாக.

மருமக வந்தா. வெவரம் தெரிஞ்சதும் என் கையப் பிடிச்சு வெளிய இழுத்துட்டுப் போனா. "அத்தை, ஒங்களுக்கு என்ன, கிறுக்கா? வலதுன்னு ஒரு வார்த்தை! மாமாவுக்குக் கண்ணு வேணாமா?"

"வேணும்."

"பெறகு?"

"எடதுல விழுந்துச்சே தாயி."

அவ தலையில கைய வச்சுக்கிட்டா. பூசாரி வந்து, "அதுக்கு என்ன மதினி, இன்னொருக்காக் கேட்டாப் போச்சு. பூ நெறையாக் கிடக்கு"ன்னாரு. உள்ள இருந்து அவுக சத்தம் போட்டாக. "வேணாம். ஒருக்காக் கேட்டா அது கேக்குறது. மறுக்காக் கேட்டா அது கெஞ்சுறது. எனக்குப் பிடிச்ச மாதிரி விழுற வரைக்கும் கேக்குறதுன்னா பூ எதுக்கு?"

மருமக விடல. உள்ள போய் அவுக பக்கத்துல உக்காந்தா.

"மாமா, கண்ணால பாத்ததத்தான் நம்புவேன்னு சொல்லுவீக. இன்னைக்குப் பாத்தீகளா?"

"இல்ல."

"அப்ப இது கணக்குல சேராதுல்ல? மொதல்ல கண்ண சரி பண்ணிட்டு வாங்க, பெறகு கண்ண சரி பண்ணவான்னு கேளுங்க."

பூசாரி அடக்க மாட்டாமச் சிரிச்சுப்புட்டாரு. அவுக சிரிக்கல. "கணக்குல சேராதுன்னு சொன்னா, இவ பொய் சொல்றான்னு ஆகிப் போகும். அத நான் சொல்ல மாட்டேன்"னாக. மருமக எந்திருச்சுட்டா. வழக்கு எங்கிட்டுப் போனாலும் முட்டுது. என் பேச்ச எடுத்துக்கிட்டா கண்ணு போச்சு. எடுத்துக்கலன்னா நான் பொய்க்காரி. பொய்க்காரின்னே சொல்லிட்டுப் போங்களேன், கண்ணு வந்தாப் போதும்னுதான் எனக்கு இருந்துச்சு.

பஸ்ஸுக்கு நின்னோம். மருமக டீயும் வடையும் வாங்கிட்டு வந்தா. வடையில உளுந்தே இல்ல, மாவா இருந்துச்சு. அதச் சொல்லிக்கிட்டு இருந்தேன். அவுக வடையக் கையில வச்சுக்கிட்டே கேட்டாக.

"நான் ஆபரேசன் பண்ணிக்கிறணும்னுதான ஒனக்கு ஆசை?"

"ஆமா."

"பெறகு ஏன் எடதுன்ன?"

"விழுந்தத சொன்னேன்."

"எனக்குத்தான் தெரியாதுல்ல. மாத்திச் சொன்னா என்ன செஞ்சிருப்பேன்?"

"ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டீக. நம்பியிருப்பீக."

அவுக வடைய ஒரு வாய் கடிச்சாக. "ஆமா, மாவாத்தான் இருக்கு"ன்னாக. பெறகு சொன்னாக: "ஆத்தா சொன்னத அப்பிடியே சொல்லிட்ட. இப்ப ஒன்னோடத சொல்லு. வலதா, எடதா?"

இத்தன வருசத்துல எங்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. கொழம்புக்குப் புளி போதுமான்னு கூட நான்தான் கேப்பேன். எனக்கு மனசுக்குள்ள திருவிழா மாதிரி இருந்துச்சு. ஆனா வெளிய காட்டிக்கிறல.

"வலது"ன்னேன்.

"சரி"ன்னாக. அம்புட்டுத்தான். மருமக டீய மேல ஊத்திக்கிட்டா.

"அப்ப ஆத்தா சொன்னது, மாமா?"

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். கண்ணு தெரிஞ்சு நேர்ல போய்ப் பேசிக்கிறேன்."

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுச்சு. மங்கலா இருந்த கண்ணு பளிச்சுன்னு ஆயிருச்சு. முத்துன கண்ணு அம்புட்டு வரல, ஆளு தெரியும், சொளகுல அரிசிக்குள்ள கிடக்கிற கல்லு தெரியாது. எந்தக் கண்ணுல ஆத்தா சொன்னது பலிச்சுச்சு, எந்தக் கண்ணுல டாக்டரம்மா சொன்னது பலிச்சுச்சுன்னு அதுலயும் ரெண்டு கட்சி பேசலாம். நாங்க பேசல. கட்டுப் பிரிச்சதும் அவுக என்னையப் பாத்து, "நீ எப்ப புள்ள இம்புட்டு நரைச்ச?"ன்னாக. "நீங்க சாக்கோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப"ன்னேன்.

கறுப்புக் கண்ணாடி கழட்டுன பெறகு மறுபடியும் கடமலைக்குண்டுக்குப் போனோம். பூசாரி செவந்தியை எடுத்தாரு. "என்னண்ணே கேக்கணும்?"

"ஒண்ணும் இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

பூசாரி பூவ வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம நின்னாரு. அவுக கிட்டப் போய் நின்னு ஆத்தாளையே பாத்தாக. ரொம்ப நேரம். பெறகு திரும்பி, "ஏ புள்ள, ஆத்தாளுக்கு மூக்குத்தி இருக்குது! கல்லுலயே செதுக்கியிருக்கான். இது எப்ப வந்துச்சு?"ன்னாக.

"எப்ப வந்துச்சா? அது எங்க பாட்டன் காலத்துல இருந்து இருக்குண்ணே"ன்னாரு பூசாரி.

"நான் பாத்ததே இல்லையேப்பா. நான் எப்பயும் தோளத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்." எம் பக்கம் திரும்புனாக. "ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான்தான் கண்ண மூடிக்கிருவேனே. அன்னைக்கு ஒருக்காத் தொறந்தேன், அன்னைக்கும் பூவத்தான் பாத்தேன்."

வாசல்ல செருப்புக்கிட்ட நின்னு போன் பாத்துக்கிட்டு இருந்த மருமக நிமிர்ந்தா. "மூக்குத்தியா? எடது மூக்குல, கடுகு தண்டி இருக்குமே? கல்யாணமாகி மொத தடவை வந்தப்பவே பாத்தேனே அத்தை. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவுக என்னையப் பாத்தாக. நான் அவுகளப் பாத்தேன். ரெண்டு பேரும் சேந்தாப்புல குனிஞ்சு மூக்குத்தியப் பாத்தோம். இருக்குது. கடுகு தண்டிதான்.