பாட்டு நின்ற வாசல்

ரப்பர் விலை அடியோடு விழுந்து, வேலையிலிருந்து நிறுத்தி ஊருக்கு அனுப்பப்படுகிறவர்களின் பெயர்களைக் காலை ஆள்கணக்குப் பிரட்டில் வாசித்துக்கொண்டிருந்த முப்பதுகளின் தொடக்கம் அது. மலாயாவின் ஜொகூரில், லாபிஸிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தேன். வயது இருபத்தாறு. வேதத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு நினைப்பு. இன்று அந்த ஆளை வழியில் பார்த்தால் கன்னத்தில் ஓர் அறை விடுவேன்.

தோட்டத்தில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், பதினொரு குடும்பம். பாதிரியாரான ஐயர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரயிலில் வருவார். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடக் கொட்டகையில் ஜெபம் நடத்துவது நான்தான். யார் முன்னால் உட்காரலாம், யார் வேதம் வாசிக்கலாம் என்பதெல்லாம் என் அதிகாரம். யாரும் கொடுத்ததல்ல, நானே எடுத்துக்கொண்டது.

பால்மரம் வெட்டுகிற ஒரு பெண்ணும் அந்தக் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தாள். கட்டியவன் அவளை விட்டுவிட்டு எங்கோ போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அதன்பின் அதே தோட்டத்தில் வேலை செய்த ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தாள். அவர் முருகனைக் கும்பிடுகிறவர். தாலியும் இல்லை, கோயில் கல்யாணமும் இல்லை. எல்லாருக்கும் பின்னால் தரையில் உட்கார்ந்திருப்பாள். யாரிடமும் பேசமாட்டாள், பாட்டு வந்தால் மட்டும் வாய்விட்டுப் பாடுவாள். ஒரு ஞாயிறு, எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துச் சொன்னேன்: "மொதல்ல வீட்டைச் சரிபண்ணிட்டு வாம்மா. அப்புறம் இங்க வந்து பாடலாம்."

அவள் எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். மறுபடி வரவில்லை. நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

அந்த வருடம் டிசம்பரில் மழை விடாமல் ஊற்றியது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு பஜனை போவது எங்கள் வழக்கம். விளக்கு வைக்கிற நேரத்தில் புறப்பட்டு, தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்கு லயம் லயமாகப் போவோம். ஒவ்வொரு வேதக்காரர் வாசலிலும் ஒரு கீர்த்தனை, உள்ளே போய் ஒரு ஜெபம், பிறகு கறுப்புக் காப்பி. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போதும் பாடிக்கொண்டேதான் போகவேண்டும். பாட்டு நெருங்குவதைக் கேட்டுத்தான் அடுத்த வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வருவார்கள்.

பஜனைக்கு முந்திய நாள், அவளோடு இருந்த அந்த மனிதர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"வாத்தியாரய்யா, அதுக்கு ரொம்ப முடியலைங்க. நெஞ்செல்லாம் சளி கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரி டிரஸரும் கையை விரிச்சிட்டாரு. நாளைக்கு எங்க வாசல்லயும் ஒரு பாட்டு பாடி, ஒரு ஜெபம் பண்ணணுமாம். அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்கு."

"பார்க்கலாம்" என்றேன். அந்த வார்த்தைக்கு நம் ஊரில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மட்டும் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவெல்லாம் மனதுக்குள் ஒரே வாதம். அங்கே போய் ஜெபம் செய்தால் அந்த வாழ்க்கைக்கு நாமே கையெழுத்துப் போட்டதாகாதா? நாளைக்கு ஐயர் கேட்டால்? அந்த வீட்டுக் காப்பியைத் தொடமாட்டோம் என்று இரண்டு குடும்பம் முணுமுணுத்ததும் காதில் விழுந்திருந்தது. உள்ளதைச் சொல்கிறேன், கடவுளுக்குப் பயந்ததைவிட அந்த இரண்டு குடும்பத்துக்குத்தான் அதிகம் பயந்தேன்.

மறுநாள் நாங்கள் பத்துப் பேர் பாடிக்கொண்டு அவர்கள் லயத்துக்குள் நுழைந்தோம். தூரத்திலேயே தெரிந்தது. வாசல் சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, ஈரத் தரையில் பாய் விரித்து, அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்திருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிய குவளைகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, பலகைமேல் வரிசையாக இருந்தன. அவர் கைகட்டி நின்றார். வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது நான் கையைத் தூக்கினேன். பாட்டு நின்றது.

பின்னால் வந்த ஒரு பெண் மெதுவாக, "ஐயா, வௌக்கு ஏத்தி வச்சிக் காத்திருக்காங்களே" என்றாள்.

"நடங்க" என்றேன்.

பாடாமலே அந்த வாசலைத் தாண்டினோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கதவு தள்ளிப் போனதும் விட்ட அடியிலிருந்து பாட்டை நானே எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் மறுபடி பள்ளிக்கூடப் படியில் நின்றார். விடியற்காலையில் அவள் போய்விட்டாளாம். அடக்கத்துக்கு நான் வரவேண்டுமாம். அன்றைக்கு மழை வருகிற மாதிரி இருந்தது, அதனால்தான் என்று ஏதோ உளறினேன். அவர் என்னைத் தடுத்தார்.

"பரவால்லைங்கய்யா. அதுக்கு அப்பக் கண்ணசந்திருச்சு. முழிச்சதும் வந்தாங்களான்னு கேட்டுச்சு. வந்தாங்க, ஜெபம் பண்ணினாங்க, காப்பி குடிச்சிட்டுப் போனாங்கன்னு சொல்லிட்டேன். நம்பணுமேன்னு எல்லாக் குவளையிலயும் காப்பிய ஊத்திக் கொட்டிட்டு, கழுவாம அது பக்கத்துல கொண்டுபோயி வச்சேன். ஒவ்வொண்ணாப் பாத்துச்சு. வாத்தியார் என்ன சொன்னாருன்னு கேட்டுச்சு. ஒம்மேல ஒரு கோவமும் இல்லைன்னாரு, சொகமானதும் வந்து பாடச் சொன்னாருன்னேன். சிரிச்சிச்சுங்க."

வேதத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் மழையிலேயே நடந்தது. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. நான் வேதத்தை விரித்து வாசித்தேன், பாதி வாசகத்தில் குரல் போய்விட்டது. துக்கத்தில் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அது வெட்கம். எல்லாரும் கலைந்த பிறகு அவர் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஐயா, சாகப்போற உசுருகிட்டப் பொய் சொல்லிட்டேன். உங்க வழிமொற எனக்குத் தெரியாது. அதுக்காக உங்க சாமி அதும்மேல கோவிச்சுக்க மாட்டாருல்ல? பாவம் இருந்தா எம்பேர்ல எழுதிக்கச் சொல்லுங்கய்யா. அதை விட்றச் சொல்லுங்க."

ஐயோ, அதைத்தானே நான் ஞாயிறுதோறும் மேடையில் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன்! இன்னொருவர் பாவத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, அதைச் செய்துவிட்டு எதிரில் நின்றவரிடம் ஒரு வார்த்தை வரவில்லை. குடையைத் தாழ்த்திக்கொண்டு, தலை குனிந்தபடி வந்துவிட்டேன்.

நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். மறுமாதப் பிரட்டில் அவர் பெயரும் வந்தது. நான் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் லாரி பெயர் வாசிக்கப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எந்தக் கப்பல், எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு, யார் என்ன என்று கேட்காமல் போய் ஜெபித்திருக்கிறேன், நல்ல மனிதன் என்றுகூடச் சிலர் சொல்கிறார்கள். ஆனால் அன்பைப் பற்றிப் பேச வாயெடுக்கும் ஒவ்வொரு முறையும், பாவத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்ளச் சொன்ன அந்த மனிதரிடம் "நீங்கள் சொன்ன பொய் பாவமில்லை, பாவம் செய்தது நான்" என்று சொல்லாமல் வந்ததுதான் முன்னால் வந்து நிற்கிறது.