அப்பா சொன்ன பெயர்கள்

சரித்திரத்தைப் பெரிய மனிதர்கள்தான் செய்கிறார்கள் என்று கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஐம்பத்து நாலில் எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. யாரோ எங்கோ கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்கு ஆளுக்கொரு லட்டு கிடைத்தது. ஆனால் என் சரித்திரத்தைச் செய்தவர் எங்கள் அப்பா. அதுவும் குருசுக்குப்பத்து வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சுருட்டுப் பிடித்துக்கொண்டே செய்தார்.

அறுபத்திரண்டில், எங்கள் ஊரை இந்தியாவுக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் உறுதியானது. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்கலாம், சும்மா இருந்தால் இந்தியர்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளுக்கு அப்பன் எழுதுவதுதான் எழுத்து; அவர்கள் பெயரையும் காகிதத்தில் குறிப்பிட வேண்டும். எனக்குப் பதினேழு.

அப்பா சைகோனில் பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்த சொல்தா. பிரெஞ்சில் பேசுவார், கோபம் வந்தால் வைவார். எழுதப் படிக்க வராது. அதனால் காகிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதில் அவருக்குப் பெருமை. தன் பெயரைச் சொன்னார், எழுதினேன்; அம்மாவுக்குத் தனிக் காகிதம். தம்பிகள் இருவரின் பெயரையும் சொன்னார், எழுதினேன். அடுத்தது நான் என்று காத்திருந்தேன்.

"அவ்ளோதான். கையெழுத்து எங்க போடணும், காட்டு."

"என் பேருப்பா?"

"நீ இன்னொருத்தர் வூட்டுக்குப் போற பொண்ணு. அவுங்க காயிதத்துல வரும் உன் பேரு. இங்க எதுக்கு?"

கருவடிக்குப்பத்தில் எனக்கு ஒரு மாப்பிள்ளையைப் பேசி முடித்திருந்தார்கள். நிச்சயமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டில் எழுதி வைத்தால் சம்பந்தி வீட்டாருக்கு மரியாதைக் குறைவாம். ரேஷன் கார்டா இது, இங்கே வெட்டி அங்கே சேர்க்க?

அம்மாவைப் பார்த்தேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை. சின்னத் தம்பியின் பெயருக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் இருந்தது. நான் என் பெயரை எழுதியிருந்தாலும் அப்பாவுக்குத் தெரிந்திருக்காது. அப்பா சொல்லாததை எழுதுவது பாவம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல வேண்டியிருக்குமே என்றும் பயந்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கெடு முடிந்த பிறகு கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், காரணம்கூடச் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் பிரான்சுக்குப் புறப்படும் ஏற்பாட்டில் இருந்தார்கள். நான் மட்டும் இந்தியப் பெண்.

அப்பா தன் மெடல்களைக் குத்திக்கொண்டு என்னைப் பிரெஞ்சு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். அங்கிருந்தவர் கோப்பிலிருந்து எங்கள் காகிதத்தை எடுத்துக் காட்டி, இதில் பெயர் இல்லாத பிள்ளைக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். அப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது.

வெளியே வந்ததும் வெயிலில் நின்று என்னைக் கேட்டார்:

"பேனா உன் கையிலதான இருந்திச்சி? நீயாச்சும் எழுதியிருக்கக் கூடாதா?"