கல் எழுந்ததா என்ற வழக்கு

இந்நிகழ்ச்சியைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் இரண்டு பேச்சுகள் உலவின. நான் ஒரு கதையின் கடைசிப் பக்கத்தை உரக்கப் படித்ததால் நண்பரின் மனைவி மனமொடிந்து இறந்தார் என்பது ஒன்று. நோய் முன்பே முற்றியிருந்தது, என் படிப்புக்கும் அவர் முடிவுக்கும் தொடர்பில்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் என்னிடம் சான்று கிடையாது. ஆதலால் என் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஊகத்தை ஊகம் என்றே சொல்வேன். பெயர்களை விலக்கியிருக்கிறேன். அவர்களில் ஒருவரிடமும் அனுமதி கேட்கும் நிலையில் நான் இல்லை.

யுத்த ஆண்டுகள் அவை. பெங்களூர்க் கண்டோன்மென்டில் ஒரு பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயில் பூசை முடிந்து திரும்பும் தையற்காரரின் கடையில் மூவர் கூடுவோம்: பட்டாளத்துக்குக் காக்கிச் சட்டை தைத்துவந்த அவர், தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பர், நான். எங்களைச் சேர்த்துவைத்தது சென்னையிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையின் மாயாஜாலத் தொடர்கதை.

பத்திரிகையை வாங்குபவன் நான். வெள்ளிக்கிழமை மாலை தந்திக்கார நண்பர் அதை இரவல் பெற்றுச் சென்று, ஞாயிறன்று மடிப்புக் கலையாமல் திருப்பித் தருவார். அவர் மனைவிக்கு மார்பு நோய். காற்றுக்காக, அல்சூரிலிருந்த அவர்கள் வீட்டின் முன்னறைச் சன்னலோரம் கட்டில் போட்டிருந்தார்கள். அந்த அம்மையார் தமிழ்க் குடும்பத்தவர். ஆனால் கன்னடம் வழங்கும் பழைய பேட்டைப் பகுதியில் பிறந்து கன்னடப் பள்ளியில் பயின்றவர். தமிழ் பேசுவார், தமிழெழுத்து அறியார். எனவே கணவர் வாரந்தோறும் பக்கத்தில் அமர்ந்து படித்துக்காட்டுவார். அவர் வாய்வழியாகவே கதை அந்தக் கட்டிலை அடைந்தது.

கதை இது. ஊர்ச் சுனையை ஒரு மந்திரவாதி வற்றச் செய்கிறான். நீரை மீட்க, அக்காள் தன்னைக் கல்லாக்கிக்கொண்டு சுனைவாயில் நிற்கிறாள். அவளை மீட்கும் மந்திரத்தைத் தேடித் தங்கை பல ஆண்டுகள் அலைந்து, பெற்று, திரும்பி வந்து ஓதுகிறாள். கல் அசையவில்லை. தங்கை குடத்தில் நீர் மொண்டுகொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். அவ்வளவே முடிவு. தொடர் முடிந்ததும், எல்லாரும் செய்வதுபோல் நானும் பக்கங்களைக் கத்தரித்துத் தைத்து, காலிகோத் துணி அட்டை போட்டு வைத்துக்கொண்டேன்.

மறு ஆண்டு அது படமாகி எங்கள் பகுதிக் கொட்டகைக்கு வந்தது. படத்தில் கல் கண்விழித்தது, பாடியது, மணக்கோலமும் பூண்டது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“கல்லு கல்லாவே நின்னா, டிக்கெட்டு எடுத்தவன் சும்மா போவானா வாத்தியாரே? திரையைக் கிழிச்சு எனக்கே தைக்கக் குடுத்துடுவான்” என்றார் தையற்காரர்.

“அதுக்காக ஆசிரியர் எழுதினதை அழிக்கறதா? மூணு மணி நேரம் குதிரைமேல கத்திச் சண்டை, கடைசியிலே கல்யாணச் சாப்பாடு! இதுக்குப் பேர் அந்தக் கதையா?”

தந்திக்காரர் என் பக்கம் நிற்பார் என்றிருந்தேன். அவரோ தரையைப் பார்த்துக்கொண்டு, “படத்து முடிவுதான் சார் சரி. அவ எழுந்திருக்கணும்” என்றார்.

“நீங்க கதையைப் படிச்சீங்களா, பக்கத்தைப் புரட்டினீங்களா?”

“படிச்சேன் சார். விட்டுடுங்க.”

நான் விடவில்லை. அடுத்த ஞாயிறும் அதே வழக்கு. அவர் மேலும் பிடிவாதமாக நின்றார். மூன்றாம் ஞாயிறு அவர் கடைக்கு வரவில்லை. மனைவிக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினார். நலம் விசாரிக்கத் தையற்காரருடன் புறப்பட்டேன். புறப்படும்போது கட்டிய புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டேன். வழக்கை அங்கேயே முடித்துவிட எண்ணினேன் என்பதை மறைப்பதில் பயனில்லை.

அம்மையார் தலையணையில் சாய்ந்திருந்தார். “வாங்கண்ணா. என்னா, இன்னும் கலாட்டா தீரலியாமே?” என்று சிரித்தார். “இவரு சொல்றதுதானே சரி? எழுந்ததும் தங்கச்சிகிட்டே தண்ணி கேட்டாளே!”

படத்திலும் கல் தண்ணீர் கேட்கவில்லை, கதையிலும் இல்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்கவேண்டும். நானோ, “யாரம்மா தண்ணி கேட்டது? இதோ கேளுங்க” என்று புத்தகத்தை விரித்தேன்.

“போதும் சார், மூடுங்க” என்றார் நண்பர்.

தோல்வியைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். கல் அசையவில்லை என்ற வரியை இருமுறை படித்தேன். முடித்து நிமிர்ந்தபோது தையற்காரர் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

அம்மையார் கணவரைப் பார்த்து, “அப்போ நீங்க படிச்சது?” என்றார்.

அவர் உள்ளே சென்று ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். அது குடிக்கப்படவில்லை.

அம்மையார் என் பக்கம் கை நீட்டினார். “எங்கண்ணா இருக்குது அந்த எடம்?” புத்தகத்தைக் கொடுத்து, வரியின்மேல் விரல் வைத்துக் காட்டினேன். தமக்குத் தெரியாத எழுத்துகளின்மீது தம் விரலை மெல்ல ஓட்டினார். “இத்தினி எழுத்துதானா?” என்றார்.

புத்தகத்தைத் திருப்பிக் கேட்காமலே புறப்பட்டேன்.  கடை வாசலில் தையற்காரர், “ஜெயிச்சுட்டீங்க வாத்தியாரே” என்றார். அதில் கேலி இல்லை.

அந்த மழைக்காலம் முடியுமுன் அம்மையார் இறந்தார். சடங்குக்குச் சென்றேன். நண்பர் எல்லாருக்கும் கும்பிட்டதுபோல் எனக்கும் கும்பிட்டார். பிறகு கடைக்கு அவர் வரவேயில்லை. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போனார். போவதற்குமுன் புத்தகத்தைத் தையற்காரரிடம் கொடுத்திருந்தார். நான் விரல் வைத்துக் காட்டிய அதே வரியின் ஓரத்தில், கதையெழுத்தைத் தொடாமல், பென்சிலால் கன்னடத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ‘தண்ணீர் கேட்டாள்’ என்பது அதன் பொருள்.

அதை எழுதியவர் யார் என்று எனக்குத் தெரியாது. அம்மையார் கன்னடம் எழுதுவார்; கணவரும் எழுதுவார்; ஒப்பிட்டுப் பார்க்க இருவர் கையெழுத்தும் என்னிடம் இல்லை. அம்மையார் எழுதியிருந்தால், கணவரை மன்னித்து எழுதினாரா, என்னை மறுத்து எழுதினாரா என்பது தெரியாது. நாங்கள் திரும்பிய பின் அந்த அறையில் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. நான் படிக்காமல் இருந்திருந்தால் அம்மையார் ஒரு நாளேனும் கூடுதலாக இருந்திருப்பாரா என்பதும் தெரியாது.